குருசடி ரொட்டி

கூகுத்தா,
4 பிப்ரவரி 2019, திங்கள்

நெரேய்தா அக்காவுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் பேனாவை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். லாரி ராமிரோ உருளைக்கிழங்கு ஏற்ற மேலே வரும்போது தருவான். ராமிரோ, நீ இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால் மரியாதையாக மடித்து உள்ளே வை.

போனில் கத்தினேன், சரி. ஆனால் கத்திய காரணம் அப்படியேதான் இருக்கிறது. மேலே ரோட்டு வளைவில் சிலுவை நட்டு நான் கட்டிய குருசடிக்குத் திங்கள்தோறும் அனுப்பும் ரொட்டி உன் கடை மேஜையில் இருந்ததை ராமிரோ பார்த்திருக்கிறான். வேறு ரொட்டி என்று சொல்லிவிடாதே. அந்த மலையில் சோம்பு போட்டு ரொட்டி சுடுகிறவன் யாரும் கிடையாது.

அது என் ஒருவனுடைய ரொட்டியும் இல்லை. சலூன் நோல்பெர்த்தோ, துணிக்கடை மார்பெலிஸ் என்று எல்லை தாண்டி வந்து இந்த ஊரில் ஒரு ஷட்டரைத் தூக்கிவிட்ட நம் ஆட்கள் எல்லோரும் திங்கள் காலையில் என் கடைக்கு வந்து கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை. நாமும் வெனிசுவேலாவிலிருந்து நடந்து வந்தவர்கள்தான், பின்னால் நடந்து வருகிறவனை நாம்தானே பார்க்க வேண்டும். இப்போது நோல்பெர்த்தோ ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே, "தர்மத்துக்குக் குடுத்த ரொட்டிய அக்காக்காரி காப்பியோட வித்துக்கிட்டிருக்காளாம்" என்று சலூன் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த வளைவில் நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். பாராமோ மேட்டுக் குளிரில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நம் ஊர் ரோட்டில், பஞ்சத்தில் நடந்து நடந்து தாகத்தில் செத்தார்களே, அந்த உத்தரிக்கிற ஆன்மாக்களைத்தான் கூப்பிட்டேன். பிழைத்தால் இதே இடத்தில் உங்களுக்கு ஒரு குருசடி கட்டி, திங்கள்தோறும் ரொட்டியும் தண்ணீரும் மெழுகுவர்த்தியும் வைக்கிறேன் என்று பொருத்தனை செய்தேன். ஒரு பால் வண்டி வந்து நின்றது, என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கூகுத்தாவுக்கே திரும்ப இறக்கிவந்தது. அதனால்தான் இன்று எனக்கு ஒரு கடை இருக்கிறது, உனக்கும் ஒரு கடை இருக்கிறது. ஆன்மாக்கள் ரொட்டி தின்னப் போவதில்லை. வைப்பதை நடந்து போகிறவர்கள் எடுத்துச் சாப்பிடுவார்கள். பொருத்தனையும் நிறைவேறும், பசித்தவன் வயிறும் நிறையும். இதில் உனக்கு என்ன கஷ்டம்?

ஒன்றே ஒன்று சொல். ரொட்டி குருசடிக்குப் போகிறதா, உன் மேஜைக்குப் போகிறதா?

எவுதோமார்


பாம்ப்லோனாவுக்கு மேலே, ரோட்டோரக் கடை,
7 பிப்ரவரி

எவுதோமார்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.

நீ அடுப்புச் சூட்டில் பனியனோடு உட்கார்ந்துகொண்டு என்னைக் கேள்வி கேட்கிறாய். "அக்கா, மேல ஒரு சின்ன கடை போட்டுக்க, அப்படியே என் குருசடியையும் பாத்துக்க" என்று கெஞ்சி என்னை இங்கே கொண்டுவந்து வைத்தது யார்? வெயிலில் பிறந்தவள் நான். இங்கே மூன்று கம்பளிக்குள் தூங்குகிறேன், மூக்கு மட்டும் எனக்குச் சொந்தமில்லாதது போல விறைத்துக் கிடக்கிறது.

ரொட்டி என் மேஜையில் இருந்தது உண்மை. விற்கவில்லை. செவ்வாய் காலையில் குருசடிக்குப் போனால் ராமிரோ வைத்த ரொட்டி வைத்தபடியே இருக்கிறது. நாய் மட்டும் ஒன்றிரண்டை இழுத்துப் போட்டிருக்கும். மிச்சத்தை எடுத்து வந்து, சுட வைத்து, என் கடை வாசலுக்கு வருகிறவர்களுக்கு வெல்லத் தண்ணீரோடு கொடுக்கிறேன். என் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். குருசடியில் இருந்தால் தொடமாட்டேன் என்கிறார்கள்.

ஏன் என்றா கேட்கிறாய்? நீ எந்த ஊரில் பிறந்தாய்?

நம் ஊர்க் குருசடியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் வைத்திருப்பார்களே, அதில் நீ ஒரு வாய் குடித்ததுண்டா? ஒரு தடவை நாக்கு வறண்டு நீ கையை நீட்டினாய். அப்பா ஓங்கி ஒன்று வைத்தார். "செத்தவங்க தண்ணிடா அது! குடிச்சா அவங்ககூடவே நடக்கணும்." ரொட்டிக் கடை முதலாளி ஆனதும் மறந்துவிட்டதா? இந்த ரோட்டில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். மீதிப் பேருக்கும் இது தெரியும். சிலுவை, மெழுகுவர்த்தி, பக்கத்தில் ரொட்டி. நிற்கிறார்கள், பார்க்கிறார்கள், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, பாதியை உடைத்து அங்கே வைத்துவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தால் நேற்றிலிருந்து சாப்பிடாதவள் என்று தெரிந்தது.

சிலுவையையும் மெழுகுவர்த்தியையும் எடுத்துவிடு. இல்லையென்றால் ரொட்டியை என்னிடம் கொடுத்துவிடு. பகலில் வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் நான் கடை மூடிய பிறகு அந்த வளைவில் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு உன் குருசடியைத் தவிர எதுவுமில்லை. இங்கே ராத்திரிக் குளிர் ஆளைத் தின்றுவிடும். அது உனக்கே தெரியும்.

நெரேய்தா


கூகுத்தா,
11 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நீ விற்கவில்லை என்றால் விற்கவில்லைதான். நம்புகிறேன். நோல்பெர்த்தோவிடமும் சொல்லிவிட்டேன். அவன் சவரக்கத்தியைத் துடைத்துக்கொண்டே "நான் அப்பவே சொன்னேன்ல, அவ நல்லவன்னு" என்கிறான். வெட்கங்கெட்டவன்.

ஆனால் சிலுவையை எடுக்கச் சொல்லாதே. உன்னிடம் ஒன்று சொன்னதில்லை. அன்று அந்த வளைவில் கண் செருகிக் கிடந்தபோது யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "எவுதோமார், எந்திரி." பால் வண்டிக்காரனாக இருக்க முடியாது, அவனுக்கு என் பேர் எப்படித் தெரியும்? கண்ணைத் திறந்தால் ரோட்டில் யாருமில்லை. பிறகுதான் வண்டி வெளிச்சம் தெரிந்தது. அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நான் எப்படி முறிப்பேன்? நவம்பரில் ஒரு திங்கள் அனுப்ப மறந்தேன், அன்றைக்கே அடுப்பு அணைந்துபோனது. மெக்கானிக் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைச் சொறிந்தான். சிரிக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

அதனால் நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். நோல்பெர்த்தோ ஒரு போர்டு எழுதித் தந்திருக்கிறான். சலூன் கதவுக்கு அடித்த நீலப் பெயின்ட் மிச்சம் இருந்தது. "ஆன்மாக்கள் தருகிறார்கள், எடுத்துக்கொள்ளுங்கள்." ஆன்மாக்களுக்கும் கோபம் வராது, நடக்கிறவர்களுக்கும் தயக்கம் போய்விடும். மார்பெலிஸ் கம்பளிகள் கொடுத்திருக்கிறாள். எல்லாம் புதுசு, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. "பழச குடுத்தா அது தர்மமா?" என்கிறாள்.

ரொட்டியை மட்டும் இனி உன் கடைக்குள் கொண்டுபோக வேண்டாம். நான் நம்புகிறேன், ஊர் வாயை என்ன செய்வது? மிச்சமிருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

உன் தம்பி,
எவுதோமார்


ரோட்டோரக் கடை,
14 பிப்ரவரி

எவுதோமார்,

போர்டு வந்தது. நோல்பெர்த்தோவுக்கு முடி வெட்ட மட்டும்தான் தெரியும் என்று நான் சொன்னதாகச் சொல்.

ராமிரோ ஆணி அடித்து முடிப்பதற்குள் மரக்காய்போவிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அந்த மனுஷன் கண்ணைச் சுருக்கிப் படித்தார். "என்னது, ஆவி குடுக்குதா? நம்மளையா கூப்பிடுது? அடியே, பைய தூக்கு, ஓடு!" அறுபது வயசுக்காரர் அந்த மேட்டில் ஓடியதைப் பார்த்து நானும் ராமிரோவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கடைக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் ஒரு வாய் சாப்பிடாமல் பாராமோவுக்கு ஏறிப்போய்விட்டார்கள் என்பது உறைத்தது.

நம்புகிறாயாம், ஆனால் உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். நல்ல நம்பிக்கை. சரி, உன் இஷ்டப்படியே ஆகட்டும். இனி உன் ரொட்டியை நான் தொடமாட்டேன். அந்த வளைவுக்கும் போகமாட்டேன். ராமிரோ வைக்கட்டும், நாய்கள் தின்னட்டும், உன் ஊர் வாய் மூடட்டும்.

நெரேய்தா


கூகுத்தா,
25 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் தீர்ந்ததா? தீராவிட்டாலும் இதைப் படி. போன திங்கள் வைத்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை என்று ராமிரோ சொல்கிறான். கம்பளியும் குறைந்திருக்கிறதாம். பார்த்தாயா? கொஞ்ச நாள் பொறுத்தால் ஜனங்களுக்குப் பழகிவிடும் என்று நான் சொல்லவில்லையா?

இன்று காலை இதைச் சொன்னதும் கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். நோல்பெர்த்தோ ஒரு குட்டிப் பிரசங்கமே செய்துவிட்டான். "நாம போட்ட பெயின்ட்டுக்கு எவ்ளோ சக்தி பாத்தீங்களா" என்று அவன் ஆரம்பித்ததும் மார்பெலிஸ் அவன் வாயில் ஒரு ரொட்டியைத் திணித்தாள். புதிதாகக் கடை போட்ட நம் ஆட்கள் இரண்டு பேர், இனி நாங்களும் சேர்கிறோம் என்றார்கள். நீயும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

இன்றைய ரொட்டியில் கொஞ்சம் வெண்ணெய் கூடச் சேர்த்திருக்கிறேன். ஒரு வார்த்தையாவது எழுது.

எவுதோமார்


ரோட்டோரக் கடை,
26 பிப்ரவரி, செவ்வாய்

எவுதோமார்,

நேற்று மாலை உன் கடிதம் வந்தது. இன்று விடியும் முன்னே கதவைத் தட்டினார்கள்.

ஒரு பெண். பேர் யோர்ஹெலிஸ். நம் பக்கம்தான், பராகுவானா. கையில் சாக்ஸை மாட்டியிருந்தாள். "அவரு எந்திரிக்க மாட்டேங்குறாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவளோடு வளைவுக்கு ஓடினேன்.

அவள் புருஷன் எதிக்சன் உன் குருசடிக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கொத்தனார். முப்பது வயசு இருக்கும். தங்களிடம் இருந்த ஒரே போர்வையை அவளுக்குச் சுற்றிவிட்டு அவன் சட்டையோடு இருந்திருக்கிறான். அவன் கை எட்டும் தூரத்தில் மார்பெலிஸின் கம்பளிகள் மடித்தது மடித்தபடி, விலைச்சீட்டோடு இருந்தன. ரொட்டி இருந்தது. வெண்ணெய் வாசனைகூட வந்தது.

நான் அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் சொன்னேங்க, ஒரே ஒரு போர்வ எடுத்துக்கலாம், விடிஞ்சதும் திருப்பி வச்சிரலாம்னு. அவரு வேணாம்னுட்டாரு. 'அவங்களோடத எடுத்தா நம்மளயும் அவங்க கூட்டிக்குவாங்கடி'ன்னாரு. காத்துல மெழுகுவத்தி அணைஞ்சு போச்சு. அந்தக் குளிருல எந்திரிச்சுப் போயி அத மறுபடி பத்த வச்சிட்டு வந்து உக்காந்தாரு. பாவம், அவங்களுக்கும் இருட்டா இருக்கும்னு சொன்னாரு."

ரொட்டி மிச்சமில்லை என்று ராமிரோ உனக்குச் சொன்னானே, அது நாய்கள் தின்றது. கம்பளியைக் காற்று அடித்துக்கொண்டுபோய்க் கீழே பள்ளத்தில் போட்டிருக்கிறது. நான்தான் வளைவுக்குப் போவதில்லை என்று வீம்பு பிடித்தேனே, இன்று போய்ப் பார்க்கும்வரை எனக்கு எப்படித் தெரியும்?

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

நெரேய்தா


கூகுத்தா,
4 மார்ச், திங்கள்

அக்கா,

இன்று அடுப்பு மூட்டவில்லை. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். நோல்பெர்த்தோவும் மார்பெலிஸும் வழக்கம்போலப் பைகளோடு வந்து நின்றார்கள். போகச் சொன்னேன். மார்பெலிஸ் அந்த விலைச்சீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். "கிழிச்சிருந்தா எடுத்திருப்பானோ?" என்று கேட்கிறாள்.

அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் பார்க்கிறேன். ரொட்டி வாங்க வரிசையில் நிற்கிறான். முறை வந்ததும், தனக்குப் பின்னால் நிற்கிறவருக்கு வழி விட்டு ஒதுங்கிக்கொள்கிறான். நான் கூப்பிட்டால் வருவதில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளரிடம் "நீங்க எடுத்துக்கங்க, தயவுசெய்து எடுத்துக்கங்க" என்று அழுதுவிட்டேன். அந்தம்மா பயந்துபோய்க் காசை வைத்துவிட்டு ரொட்டி வாங்காமல் போய்விட்டார்.

என் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட அந்தக் குரலைப் பற்றி யோசிக்கிறேன். என்னை எழுப்ப வந்தது என்று இத்தனை நாள் நினைத்தேன். கூட்டிக்கொண்டு போக வந்ததோ என்னவோ. நான் போகவில்லை, எனக்குப் பதிலாக அவன் போனான்.

நான் நிறுத்திவிட்டேன். ராமிரோ வெறும் லாரியோடு வருகிறான், இந்தக் கடிதத்தைத் தவிர ஒன்றுமில்லை. இனியும் எதுவும் வராது. இது கொடுக்கத் தகுந்த கை இல்லை.

எவுதோமார்


ரோட்டோரக் கடை,
7 மார்ச்

அன்புள்ள தம்பிக்கு,

நீ நிறுத்திவிட்டாய். நடக்கிறவர்கள் நிறுத்தவில்லை. திங்கள் மாலை ஒரு கூட்டம் வந்தது, தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தன், ரப்பர் செருப்போடு இரண்டு பெண்கள். என்னிடம் இருந்த சோள மாவில் அரேப்பா அடை சுட்டுக் கொடுத்தேன். பாதிப் பேருக்குத்தான் வந்தது. அவர்களிடம் போய், என் தம்பிக்கு மனசு சரியில்லை, அதனால் இன்று பட்டினி கிடங்கள் என்று சொல்லவா?

ரொட்டியைத் தொடமாட்டேன் என்று வீம்பு பிடித்தவள் நான். உள்ளே கொண்டுபோகாதே என்று சொன்னவன் நீ. இதில் உனக்கு மட்டும் தனியாக அழ உரிமை இல்லை.

யோர்ஹெலிஸ் என்னோடுதான் இருக்கிறாள். எதிக்சனைப் பாம்ப்லோனாவில் அடக்கம் செய்தோம். அவளுக்குக் கல்லறைக்குப் போகத் தோன்றவில்லை, குருசடிக்குத்தான் போகிறாள். தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டு வருகிறாள். அதனால் இனி அந்தச் சிலுவையை எடு என்று நானே சொல்லமாட்டேன். இப்போது அது நிஜமாகவே செத்தவர்களுடையது. ரொட்டி வைத்தது யார் என்று கேட்கிறாள். யாரோ பக்தியுள்ள மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒன்று செய்து பார்த்தேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், குருசடியைப் பார்த்தாற்போல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் சுட்ட அரேப்பாவை எல்லோரும் பார்க்கும்படி சாப்பிட்டேன். ஆவி சாப்பிடாது, ஏப்பமும் விடாது. நான் இரண்டையும் செய்தேன். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டார்கள். முதலில் உயிரோடு இருக்கிற ஒருவர் சாப்பிட வேண்டும், தம்பி. அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது.

பகலில் நான் இருக்கிறேன். கடை மூடிய பிறகு அங்கே உட்கார ஆள் வேண்டும். நோல்பெர்த்தோ வரட்டும், மார்பெலிஸ் வரட்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் திங்கள் நீ வா. அந்த வளைவுக்கு வர உனக்குக் கால் நடுங்கும் என்று தெரியும். நடுங்கினால் நடுங்கட்டும், வா.

உன் அக்கா,
நெரேய்தா

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் பாம்ப்லோனாவுக்கு இறங்கினால்தான் சிக்னல், கடிதமே எழுது.


கூகுத்தா,
20 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கள் ராத்திரி முழுக்க அந்த வளைவில் உட்கார்ந்துவிட்டு, செவ்வாய் காலையில் நீ தூங்கிக்கொண்டிருக்கும்போதே ராமிரோவோடு இறங்கி வந்துவிட்டேன். சொல்லாமல் போனதற்குத் திட்டாதே. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வருகிறது.

நீ கடை மூடப் போன பிறகு யோர்ஹெலிஸ் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று லாரியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். "அந்த ரொட்டிய வச்சது நான்தாம்மா" என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவள் டார்ச்சை எதிர்ப்பக்கத்துப் போர்டின் மேல் அடித்தாள்.

"அந்த போர்டும் நீங்கதானா?"

"ஆமா."

"அத மொதல்ல கழட்டுங்க. அதப் படிச்சிட்டுத்தான் அவரு ரொம்பப் பயந்துட்டாரு."

ஆணிகளை நான் கையாலேயே பிடுங்கினேன். அவள் டார்ச் அடித்தாள். பலகை கழன்று வந்ததும் அவள் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போகும்போது தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என் மடியில் போட்டாள். "குளிருல நீங்களும் செத்துகித்து வச்சிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு நானும் அந்த வளைவும்தான். மூடுபனி இறங்கியது. எதிரே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது, அதன் பக்கத்தில் யாரோ சாய்ந்து உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கூப்பிட்டால் போய்விடுவேன் என்றுகூடத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், அக்கா.

அப்போது ஒரு கூட்டம் வந்தது. சின்னதும் பெரிதுமாக ஆட்கள். சிலுவையைப் பார்த்தார்கள், எதிரே கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்தார்கள், ஒரேயடியாக நின்றுவிட்டார்கள். ரொட்டிக் கூடையை நீட்டினேன். ஒருவர்கூட அசையவில்லை. நீ சொன்னது ஞாபகம் வந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தேன். சத்தமாக மென்றேன். ஏப்பம் வரவில்லை, மன்னித்துக்கொள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் முன்னே வந்தாள். உன் வயசு இருக்கும். கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு கேட்டாள்.

"ஐயா, நீங்க உசிரோட இருக்கிறவரா?"

இதே வளைவில் கிடந்து பிழைத்த இந்த இரண்டு வருஷமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. சட்டென்று ஆமாம் என்று சொல்ல எனக்கு வரவில்லை, அக்கா.

"கையக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். கையில் மாட்டியிருந்த சாக்ஸைக் கழற்றிவிட்டு என் உள்ளங்கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துப் பார்த்தாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. விடவே இல்லை. பிறகு கையை விடாமலே பின்னால் திரும்பி, இருட்டில் நின்றுகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

"சூடா இருக்கு. வாங்க."

எவுதோமார்